தம்பியைக் குறை சொல்லாதீர்கள்: பால்குடப் பதிவு விட்டுப்போனது பற்றி எங்கள் விளக்கமும் கருத்தும்



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனாலும் கடைசி வரைக்கும் படிக்கும்படி பக்தர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நாங்கள் நம்ம கோயிலின் கணினித் தொண்டர்கள். மொத்தம் ஆறு பேர். பகலில் ஆளுக்கொரு வேலை, படிப்பு. இரவில் கோயிலின் இணையத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறோம். அர்ச்சனை, அன்னதான உபயம், காவடி, பால்குடம் என்று எல்லாப் பதிவும் இப்போது அதில்தான் நடக்கிறது. யாரும் சம்பளம் வாங்குவதில்லை. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு அது முக்கியம்.

பங்குனி உத்திரத்தன்று காலை 5 மணிக்குப் பால்குட மேசையில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கும் புலனத்தில் செய்தி வந்திருக்கும். தளத்தில் பதிவு செய்து, "உங்கள் பதிவு கிடைத்தது" என்று வந்ததைக் கைப்பேசியில் படமெடுத்தும் வைத்திருந்த 23 பேருடைய பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. அவர்களில் ஒரு பாட்டி, ஒரு மண்டலம் விரதமிருந்து, பேத்தியோடு தாப்பாவிலிருந்து முதல் நாள் இரவே வந்து மண்டபத்தில் படுத்திருந்தவர். கைப்பேசியை நீட்டிக்கொண்டு, "என் பேரு மட்டும் முருகனுக்கு வேணாமா தம்பி?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

ஸ்டோர் அறையில் இருந்த பழைய குடங்களைத் துலக்கி, பக்கத்துக் கடையைத் திறக்கச் சொல்லிப் பால் வாங்கி, ஏழரை மணிக்குள் 23 பேரும் குடம் எடுத்துவிட்டார்கள். மகளிர் பிரிவு அக்காமார்கள் அன்று செய்த உதவியை மறக்கவே மாட்டோம். ஆனால் அதோடு முடிந்ததா? இல்லை. அன்று மாலையே புலனக் குழுக்களில் ஒரு பெயர் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் குழுவில் இளையவர், 19 வயது, கல்லூரியில் படிக்கிற தம்பி. "அவன்தான் கெடுத்துட்டான்" என்று எழுதினார்கள். இரண்டு நாளில் அந்தத் தம்பி எல்லாக் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். வெள்ளிக்கிழமை பூசைக்குக்கூட வருவதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறோம். தவறு அவர் மேல் இல்லை. எங்கள் ஏற்பாட்டின் மேல். அது எப்படி என்று கணினி தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறோம்.

முதலில், என்ன நடந்தது?

ஆறு பேரும் ஒரே நிரலில் வேலை செய்கிறோம். அந்த நிரல் கிட் என்கிற கருவியில் இருக்கிறது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது, உலகம் முழுக்க நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்துவது. ஒருவர் தன் மடிக்கணினியில் ஒரு மாற்றம் செய்து அனுப்பினால், மற்றவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது எல்லாம் அதில் பதிந்திருக்கும்.

எழுதிய நிரலை அப்படியே தளத்தில் போட முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, உங்கள் கைப்பேசியில் திறக்கும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் பில்ட். பில்ட் எடுக்கும்போது சில செட்டிங்குகள் வேண்டும். எந்தத் தரவுத்தளத்தோடு பேசணும், பட்டியல் அச்சடிக்கிற பிரிண்டர் எது, எழுத்துரு எந்த இடத்தில் இருக்கிறது, இது பரிசோதனையா நிஜமா. இப்படி.

இந்த செட்டிங்குகளை எல்லாம் ஒரே கோப்பில் வைத்திருந்தோம். அந்தக் கோப்பும் பொது நிரலோடு கிட்டுக்குள்ளேயே இருந்தது. ஆனால் ஆறு பேருடைய மடிக்கணினியும் ஒன்றல்ல. ஒருவருடையது விண்டோஸ், ஒருவருடையது மேக். ஒருவர் வீட்டில் பிரிண்டரே இல்லை. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் அந்தப் பொதுக் கோப்பைத் திறந்து தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வோம். அனுப்பும்போது அந்த ஒரு கோப்பை மட்டும் விட்டுவிட்டு அனுப்பணும் என்பது வாய்மொழி விதி. எங்கும் எழுதி வைக்கவில்லை.

தம்பி பதிவுப் பக்கத்தில் நீளமான தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவதைச் சரி செய்தார். நல்ல வேலை. சோதித்துப் பார்க்க, செட்டிங் கோப்பில் "பரிசோதனை: ஆம்" என்று வைத்திருந்தார். அதுவும் சரியான செயல்தான். நிஜப் பட்டியலில் சோதனைப் பெயர்களைப் போடக் கூடாது இல்லையா? பிறகு மாறிய கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சேர்த்து அனுப்பினார். செட்டிங் கோப்பும் சேர்ந்து போய்விட்டது.

அதைச் சரிபார்த்தது யார்? நாங்கள். எங்களில் மூத்தவர்கள் இருவர், இரவு 12 மணிக்கு. அந்தக் கோப்பு மாறியிருப்பது திரையில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது எப்போதும் மாறியபடிதான் தெரியும். கண் பழகிவிட்டது. "சரி" என்று ஒப்புதல் கொடுத்தோம். எங்களில் ஒருவரே பில்ட் எடுத்துத் தளத்தில் ஏற்றினார்.

அடுத்த மூன்று நாள் பதிவு செய்தவர்களின் பெயர்கள் பரிசோதனைத் தரவுத்தளத்துக்குப் போயின. அது ஒவ்வொரு நாள் இரவும் தானாகத் துடைக்கப்படும். மூன்றாம் நாள் குழுவின் அக்கா ஒருவர் வேறு ஒரு திருத்தத்துக்காகத் தன் மடிக்கணினியிலிருந்து பில்ட் எடுத்து ஏற்றினார். அவருடைய கோப்பில் "பரிசோதனை: இல்லை" என்று இருந்தது. தளம் தன்னால் சரியாகிவிட்டது. அதனால்தான் திருவிழா காலை வரைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. வந்து கேட்டவர்கள் 23 பேர். வராமல் போனவர்கள் உண்டா என்று எங்களால் இன்றும் சொல்ல முடியாது. அந்த மூன்று நாளில் பதிவு செய்து, எங்கள் மேல் வருத்தத்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அலுவலகத்தில் தெரிவியுங்கள். உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்கணும்.

இப்போது சொல்லுங்கள், இது ஒரு தம்பியின் தவறா? அன்று அவர் அனுப்பியதால் இப்படி. இன்னொரு நாள் எங்களில் யார் வேண்டுமானாலும் அனுப்பியிருப்போம். உண்மையைச் சொன்னால், கிட்டின் பதிவைத் திரும்பிப் பார்த்தோம். இரண்டு வருஷத்தில் அந்தக் கோப்பு இதே மாதிரி தவறுதலாகப் பலமுறை போயிருக்கிறது. ஆறு பேரும் அனுப்பியிருக்கிறோம். அப்போதெல்லாம் பிரிண்டர் பெயர், எழுத்துரு இடம் என்று சின்ன விஷயமாக இருந்ததால் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டோம். இந்த முறை திருவிழா நேரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம கோயில் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறீர்கள். அதில் பெயர், நட்சத்திரம் என்று இடம் காலியாக இருக்கும். நீங்கள் நிரப்பிக் கொடுக்கிறீர்கள். குருக்கள் ஐயா உங்கள் பெயரைச் சங்கல்பத்தில் சொல்கிறார். மந்திரம் எல்லாருக்கும் பொது, பெயர் அவரவருடையது. யாராவது தன் பெயரை மந்திரப் புத்தகத்திலேயே பேனாவால் எழுதி, அடுத்தவர் வந்ததும் அழித்து எழுதுவோமா? நாங்கள் இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். கடைசியில் ஒருவருடைய பெயர் அழிபடாமல் நின்றதற்கு அவர்மேல் பழி போடுகிறோம்.

இது நாங்கள் கண்டுபிடித்த ஞானம் இல்லை. பொதுவானதும் சொந்தமானதும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது என்பது நிரல் உலகில் ரொம்ப நாளாகத் தெரிந்த பாடம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ஆப் செய்கிறவர்கள் 'லோக்கல்.பிராப்பர்ட்டீஸ்' என்ற கோப்பைப் பார்த்திருப்பார்கள். உங்கள் கணினியில் ஆண்ட்ராய்டு கருவிகள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும் அதில் இருக்கும். இதைப் பொது நிரலோடு சேர்க்காதீர்கள் என்று கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும். சீமேக் என்ற பில்ட் கருவி 2020-இல் வந்த 3.19 பதிப்பில் குழுவுக்கு ஒரு கோப்பு, ஆளுக்கு ஒரு கோப்பு என்று இரண்டாகவே பிரித்துக் கொடுத்தது. நாங்கள் பயன்படுத்துவது வீட் என்ற கருவி. அதிலும் '.என்வ்' என்பது எல்லாருக்கும் பொது, '.லோக்கல்' என்று முடியும் கோப்புகள் அவரவர் கணினிக்கு மட்டும். வசதி எல்லாம் இருந்தது. நாங்கள்தான் பயன்படுத்தவில்லை.

கூட்டத்தில் மூன்று விதமான யோசனை வந்தது. மூன்றுக்கும் மரியாதையோடு பதில் சொல்கிறோம்.

ஒன்று: "இனிமேல் கவனமா இருக்கச் சொல்லுங்க, போதும்." ஐயா, கவனமாகத்தான் இருந்தோம். இரவு 12 மணிக்கு, வேலை முடிந்து வந்து, திருவிழா நெருக்கத்தில் ஆறு பேர் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பை மறக்காமல் விடணும் என்றால், ஒரு நாள் ஒருவர் மறப்பார். மறந்தாலும் கெடாத மாதிரி வைப்பதுதான் ஏற்பாடு. மறக்காதே என்று சொல்வது ஏற்பாடு ஆகாது.

இரண்டு: கணினி தெரிந்த அன்பர் ஒருவர், "கிட்டிலேயே ஒரு கட்டளை இருக்கு, கோப்பு மாறினாலும் மாறாத மாதிரி காட்டும், அதைப் போட்டுக்கோங்க லா" என்றார். தெரியும், 'அஸ்யூம் அன்சேஞ்சுடு', 'ஸ்கிப் வொர்க்ட்ரீ' என்று இரண்டு உண்டு. ஆனால் கிட்டின் சொந்தக் கையேடே இவற்றை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே கிட்டின் கணக்கில் இருக்கிற கோப்பின் மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு கிட்டில் வழி இல்லை, மாதிரிக் கோப்பு வைப்பது போன்ற வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான் அதன் அறிவுரை. இன்னொன்று, அந்தக் கட்டளையை ஒவ்வொருவரும் அவரவர் மடிக்கணினியில் தனித்தனியாகப் போடணும். புதிதாக வரும் தொண்டருக்கு யார் சொல்வார்? மறுபடியும் ஞாபகத்தில்தான் வந்து நிற்கிறது.

மூன்று: "ஒரே ஒருத்தர் மட்டும் நிரலில் கை வைக்கட்டும்." இதைத்தான் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அந்த ஒருவருக்கு வேலை மாறினால், உடம்பு சரியில்லாமல் போனால், வெளிநாடு போனால்? சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ இடங்களில் கணக்குப் புத்தகம் ஒரே ஆளிடம் இருந்து பட்ட பாட்டை நிர்வாகத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். மேலும், இளையவர்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று மேடையில் வருத்தப்படுகிறோம். வந்த பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கினால் அடுத்த பிள்ளை எப்படி வரும்?

சரி, என்ன செய்திருக்கிறோம்?

முதலில் எல்லா செட்டிங்கையும் ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "மடிக்கணினி மாறினால் இது மாறுமா?" மாறும் என்றால் அது சொந்தம். மாறாது என்றால் பொது. வெளியே தெரிந்தால் ஆபத்து என்றால் அது ரகசியம்; அது இந்த இரண்டிலும் சேராது.

பொதுவானவை '.என்வ்' கோப்பில் கிட்டுக்குள் இருக்கின்றன. அதில் "பரிசோதனை: இல்லை" என்று நிஜ நிலை எழுதியிருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் இரண்டு பேர் பார்த்துச் சம்மதிக்கணும். சொந்தமானவை '.லோக்கல்' என்று முடியும் கோப்பில். அந்த வகைக் கோப்புகளையே சேர்க்காதே என்று '.கிட்இக்னோர்' பட்டியலில் எழுதிவிட்டோம். அதனால் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாலும் அது போகாது. புதியவர்களுக்கு ஒரு மாதிரிக் கோப்பு இருக்கிறது, அர்ச்சனைச் சீட்டு மாதிரி. நகலெடுத்துக் காலி இடங்களை நிரப்பினால் போதும்.

பிற கோயில் தொண்டர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே கிட்டுக்குள் இருக்கும் கோப்பை '.கிட்இக்னோர்'-இல் எழுதினால் மட்டும் ஒன்றும் ஆகாது. 'கிட் ஆர்எம்' கட்டளையை 'கேச்டு' என்ற குறிப்போடு கொடுத்து அதைக் கணக்கிலிருந்து எடுக்கணும். அப்படி எடுத்ததை மற்றவர்கள் தங்கள் கணினிக்கு இழுக்கும்போது, அவர்களிடம் இருக்கும் கோப்பும் அழிந்துபோகலாம். ஆகவே முதலில் எல்லாரையும் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் எடிட்டர் போடும் கோப்புகள் போன்ற முழுக்கச் சொந்த விஷயங்களைப் பொதுப் பட்டியலில் எழுத வேண்டியதில்லை. உங்கள் கணினிக்கு மட்டுமான விலக்குப் பட்டியல் ஒன்று கிட்டில் தனியாகவே இருக்கிறது.

இரண்டாவது மாற்றம். வீட் கருவியில் '.என்வ்.லோக்கல்' என்று பெயர் வைத்தால், அது நிஜ பில்ட் எடுக்கும்போதும் படிக்கப்படும். அதாவது, கோப்பைப் பிரித்து வைத்தாலும், சொந்த மடிக்கணினியிலிருந்து பில்ட் எடுத்தால் பழைய கதையே திரும்ப நடக்கும். அதனால் சோதனைக்கு மட்டும் படிக்கப்படும் '.என்வ்.டெவலப்மென்ட்.லோக்கல்' என்ற பெயருக்கு மாறினோம். அதோடு, இனி யாருடைய மடிக்கணினியிலிருந்தும் தளத்தில் ஏற்றுவதில்லை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஒவ்வொரு முறையும் கொடுக்கும் புதுக் கணினியில்தான் பில்ட். அங்கே யாருடைய சொந்தக் கோப்பும் இருக்காது. "பரிசோதனை: ஆம்" என்று தப்பித்தவறி இருந்தால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். பரிசோதனைத் தளத்தின் மேல் சிவப்புப் பட்டையில் "இது சோதனை, உங்கள் பதிவு சேராது" என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கிறோம்.

மூன்றாவது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பழைய செட்டிங் கோப்பைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம், தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் அதிலேயே இருந்தது. உங்கள் பெயர், நட்சத்திரம், கைப்பேசி எண் எல்லாம் இருக்கும் பெட்டியின் சாவி அது. இதை நாங்களேதான் சொல்லணும், மறைக்கக் கூடாது. கோப்பை அழித்தால் போதாது. கிட் பழையதை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினோம். பழையது இனி எதையும் திறக்காது. புதியது நிரலுக்குள் எங்கும் இல்லை, சர்வரில் மட்டும் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டிலும் சிரமம் இல்லாமல் இல்லை. புதிதாக ஒரு செட்டிங் சேர்க்கும்போது மாதிரிக் கோப்பையும் திருத்தணும். ஒருவர் மறந்தால் மற்ற ஐந்து பேருக்கும் மறுநாள் ஓடாது. போன வாரமே ஒருமுறை அப்படி ஆச்சு. ஆனால் அது எங்கள் மடிக்கணினியில் ஓடாமல் நிற்பது. எந்த செட்டிங் குறைகிறது என்று செய்தியும் காட்டும். எங்களுக்கு அரை மணி நேரம் நஷ்டம். பாட்டி வாசலில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

காகிதத்துக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லும் பெரியவர்களின் கோபமும் எங்களுக்குப் புரிகிறது. அதனால் ஒன்று செய்கிறோம். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே பதிவுப் பட்டியலை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். கைப்பேசி எண் இருக்காது, பெயரும் பதிவு எண்ணும் மட்டும். வந்து பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போயிருந்தால் அன்றே சேர்த்துவிடலாம். தளத்தைக் கண்மூடி நம்பச் சொல்லி உங்களைக் கேட்க எங்களுக்கு இப்போது உரிமை இல்லை.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்.

நிர்வாகத்துக்கு: ஒருவர் மட்டும் என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் கைவிடும்படி பணிவோடு கேட்கிறோம். மாற்றியதை எல்லாம் திரையில் காட்டி விளக்க ஆறு பேரும் வருகிறோம்.

பக்தர்களுக்கு: தம்பியின் பெயரைப் போட்டுச் சுற்றிய செய்தி இன்னும் உங்கள் குழுவில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவருடைய அம்மா அப்பாவைக் கோயிலில் பார்த்தால் வழக்கம்போலப் பேசுங்கள். அவர் சரி செய்த அந்தப் பக்கத்தில்தான் இன்று உங்கள் பிள்ளைகளின் பெயர் வெட்டுப்படாமல் முழுசாக வருகிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதுவும் எங்கள் தவறுதான்.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வெள்ளிக்கிழமை சாயந்திர பூசை முடிந்து வழக்கமான இடத்தில், மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேசையில் உட்கார்ந்திருப்போம். தைப்பூசப் பதிவுக்கான வேலையை ஆரம்பிக்கணும். உங்களுக்கான மாதிரிக் கோப்பும் தயாராக இருக்கிறது, வந்து நிரப்பினால் போதும்.

முருகன் எல்லாருக்கும் துணை இருப்பானாக.

இப்படிக்கு,
கோயில் கணினித் தொண்டர்கள்